முதலில் வந்தது ‘நான்’ அல்ல

அன்புள்ள இனியனுக்கு,

மொழி வருவதற்கு முன்னால் நான் இருந்தேனா என்று கேட்டிருந்தாய். அதோடு விடாமல், இருந்திருந்தால் அந்த ‘நான்’ தன்னை எப்படி ‘நான்’ என்று நினைத்துக்கொண்டது என்றும் ஒரு கொக்கி போட்டிருந்தாய். இரண்டாவது கேள்விதான் கடினமானது. மொழியின் தோற்றத்தைப் பற்றி யோசித்த பெரிய மூளைகள் பலவும் முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ போட்டுவிட்டு இரண்டாவதன் பக்கம் திரும்பாமலே போய்விட்டன. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றுகளையும் மறுப்புகளையும் பிறகு பார்க்கலாம். பசி, வலி, பயம், தெரிந்த முகத்தைக் கண்டதும் வரும் நிம்மதி எல்லாம் மொழிக்கு முன்பே உண்டு. ஆனால் ‘இது என் வலி, நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும்’ என்று அதைத் தன்னுடையதாக எடுத்துவைக்கிற ஒருவன் மொழிக்கு முன்பு இல்லை. அவன் மொழியோடு சேர்ந்து பிறக்கிறான், அதுவும் எதிரே ‘நீ’ என்று ஒருவர் இருந்தால்தான். தன்னிலை என்று நம் விமர்சகர்கள் சொல்வதை இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி பழையது. எகிப்திய அரசன் சம்மெட்டிகஸ் பிறந்த குழந்தைகள் இருவரை ஓர் இடையனிடம் கொடுத்து, அவர்கள் காதில் ஒரு சொல்கூட விழாமல் வளர்க்கச் சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்துக் குழந்தைகள் ‘பெகோஸ்’ என்றனவாம். ஃபிரிஜிய மொழியில் அதற்கு ரொட்டி என்று பொருளாம். ஆகவே உலகின் மூத்த மொழி ஃபிரிஜியம் என்று தீர்ப்பாயிற்று. (குழந்தைகள் ஆட்டின் கத்தலைத் திருப்பிச் சொல்லியிருக்கும் என்று பிற்காலத்தவர்கள் கேலி செய்தார்கள்.) கதை நடந்ததோ இல்லையோ, அரசனின் நம்பிக்கை தெளிவாகத் தெரிகிறது: மொழி குழந்தைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, சுற்றியிருக்கும் சத்தம் அடங்கினால் தானே வெளியே வரும். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் இவ்வளவு வெள்ளந்தியாக இல்லை. 1769இல் பெர்லின் அறிவியல் கழகம், மனிதர்கள் தங்கள் இயற்கையான ஆற்றலை மட்டும் வைத்துக்கொண்டு மொழியைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று கேட்டுப் பரிசுப்போட்டி வைத்தது. வென்றவர் ஹெர்டர். 1772இல் அச்சான அவருடைய கட்டுரையில் ஒரு மனிதன் முன்னால் செம்மறியாடு ஒன்று நிற்கிறது. வெண்மை, மென்மை, ரோமம் என்று எத்தனையோ புலனில் வந்து மோதுகையில் அதன் கத்தலை மட்டும் அவன் மனம் பற்றிக்கொள்கிறது. மறுமுறை கத்தும்போது அதே ஆடு என்று கண்டுகொள்கிறது. அந்த அடையாளமே முதல் சொல், அவன் வாயே திறக்காவிட்டாலும் அது சொல்தான் என்கிறார் ஹெர்டர். ரூசோ இதைவிட நேர்மையாகக் கையை விரித்தார். 1755இல் வந்த தன் நூலில், மொழி வேண்டுமென்றால் சமூகம் வேண்டும், சமூகம் வேண்டுமென்றால் மொழி வேண்டும் என்ற முடிச்சைக் காட்டிவிட்டு, அவிழ்க்கும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டார். சான்று இல்லாத ஊகங்கள் பெருகிப்போனதால், பாரிஸ் மொழியியல் சங்கம் 1866இல் மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று தன் விதிகளிலேயே எழுதிவைத்தது.

ஹெர்டரின் மனிதன் தனியாக நிற்கிறான் என்பதைக் கவனி. அவனுக்குக் கவனம் இருக்கிறது, நினைவு இருக்கிறது, தான் யார் என்பதும் தெரியும்போலிருக்கிறது. குறைவது பெயர்கள் மட்டுமே. உள்ளே முழுசாக ஒருவன் குடியிருக்கிறான், அவனுக்குப் பேச ஒரு வாசல் வெட்டிக்கொடுத்தால் போதும் என்ற எண்ணம் இது. அவருக்குமுன் 1746இல் எழுதிய கோந்தியாக் மட்டும் பாலைவனத்தில் வழிதவறிய இரண்டு குழந்தைகளைக் கற்பனை செய்தார். ஒன்று அழ, மற்றது பார்த்து உதவிக்குப் போக, அந்த அழுகை மெல்ல மெல்ல வேண்டுமென்றே செய்யும் குறியாக மாறுகிறது. குறி கைக்கு வந்தபின்தான் குழந்தைக்குத் தன் நினைவின்மீதே பிடி கிடைக்கிறது. ஹெர்டர் கோந்தியாக்கைக் கடுமையாகச் சாடினார். எனக்கென்னவோ இந்த இருவரில் உண்மைக்கு அருகில் போனவர் கோந்தியாக் என்றே படுகிறது. ஆனால் எந்தக் கற்பனையும் சான்றாகாது. குழந்தைகளை மொழியில்லாமல் வளர்த்துப் பார்ப்பது கொடுமை. யாரும் செய்யக் கூடாது. யாரும் திட்டமிடாமலே வரலாறு அப்படியொரு நிலைமையை உண்டாக்கிய இடம் ஒன்று இருக்கிறது.

மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் 1970கள்வரை காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டோடு இருந்தார்கள். ஒருவரையொருவர் சந்திக்கவே வழியில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சோறு, தூக்கம், வா, போ என்ற அளவுக்குச் சில சைகைகள். அடுத்த தெருவுக்குப் போனால் அவை செல்லாது. 1977இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புக் கல்விப் பள்ளி திறந்தபோது ஐம்பது பிள்ளைகள் அளவில் வந்தார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு சேர்க்கை பெருகியது. 1980இல் வளரிளம் பருவத்தினருக்குத் தொழிற்பள்ளி ஒன்றும் வந்தது. 1983 வாக்கில் இரண்டு பள்ளிகளிலும் சேர்த்து 400 பேருக்கு மேல். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழி கற்க வைக்கப் பார்த்தார்கள்; அது ஏறக்குறைய படுதோல்வி. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைப் போட்டுக் கலக்கி, பொதுவான ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறதென்று ஆசிரியர்களுக்கே புரியாமல், 1986இல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளர் வரவழைக்கப்பட்டார். அவர் கண்டது யாரும் சொல்லிக்கொடுக்காத, எந்த மொழியிலிருந்தும் கிளைக்காத ஒரு புது மொழி. முதலில் வந்தவர்கள் கையில் அது கரடுமுரடாக இருந்தது; பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்டு அல்ல, பார்த்து வளர்ந்து, இலக்கணம் உள்ளதாக ஆக்கினார்கள்.

எப்படி ஆக்கினார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆன் செங்காஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கார்ட்டூன் வருகிறது. பௌலிங் பந்தை விழுங்கிய பூனை ஒன்று சரிவான தெருவில் உருண்டுகொண்டே இறங்குகிறது. காது கேட்கிற நிகராகுவர்கள் ஸ்பானிய மொழியில் இதைச் சொல்லும்போது கையையும் ஆட்டுவார்கள்: கை சுழன்றபடியே கீழே வரும், ஒரே அசைவு. பள்ளியின் முதல் அணியினரும் பெரும்பாலும் இப்படித்தான் காட்டினார்கள். பின்னால் வந்த அணியினரோ ‘உருள்வது’ என்று ஓர் அசைவு, அடுத்து ‘இறங்குவது’ என்று இன்னோர் அசைவு என்று இரண்டாக வெட்டிவிட்டார்கள். உலகில் ஒருசேர நடப்பதைக் கை பிரித்து வரிசைப்படுத்துகிறது. பார்த்ததை அப்படியே நடித்துக்காட்டுவதிலிருந்து இது ஒரு விலகல். உருள்வதை மட்டும் தனியே எடுத்து வேறொன்றோடு சேர்க்கலாம். ஒவ்வொரு மொழியும் இப்படித்தான் வேலை செய்கிறது. முக்கியமானது, இந்த வெட்டைச் செய்தது தனியாக உட்கார்ந்து யோசித்த ஒரு ஹெர்டர் மனிதன் அல்ல. வீட்டில் தனியாக இருந்தபோதும் அந்தப் பிள்ளைகளுக்கு மூளை இருந்தது, கை இருந்தது, சொல்ல வேண்டியது இருந்தது. ஆனாலும் இலக்கணம் வரவில்லை. கூட்டமும், அந்தக் கூட்டத்திடமிருந்து கற்க இன்னொரு கூட்டமும் வந்தபின்பே அது வந்தது. இது ஒரு தனி விபத்து என்று ஒதுக்கவும் முடியாது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், பரம்பரையாகக் காது கேளாமை உள்ள அல் சையத் என்ற பெடூயின் சமூகத்திலும் சுற்றியுள்ள மொழிகளுக்குக் கடன்படாத சைகை மொழி ஒன்று தானாக எழுந்திருக்கிறது.

இதுவரை மொழியின் பிறப்பு. இனி உன் கேள்வி. ஜெனி பையர்ஸும் செங்காஸும் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இருபதுகளில் இருந்த முதல் அணியினரையும், அவர்களைவிட இளைய இரண்டாம் அணியினரையும் ஒப்பிட்டார்கள். ஒருவர் ஏமாந்துபோகிற சின்னக் காட்சிகளைக் காட்டி நடந்ததைச் சொல்லச் சொன்னால், இளையவர்கள் ‘அவன் நினைக்கிறான்’, ‘அவனுக்குத் தெரியாது’ என்ற வினைகளை எடுத்தார்கள். மூத்தவர்கள் பெரும்பாலும் செயல்களை மட்டும் விவரித்தார்கள். சொற்கள் அதிகம் தேவைப்படாத படக்கதைச் சோதனை ஒன்றும் வைத்தார்கள்: ஒருவன் வைத்த பொருள் அவன் இல்லாதபோது இடம் மாறுகிறது, திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூத்தவர்களே இதில் அதிகம் தடுமாறினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து அதே ஆட்களை மீண்டும் சோதித்தபோது, இடையில் இளையவர்களோடு பழகி ‘நினைக்கிறான்’ வகை வினைகளைப் பெற்றிருந்த மூத்தவர்கள் தேறியிருந்தார்கள். வயது முன்பே முதிர்ந்திருந்தது. வாழ்க்கை அனுபவமும் அவர்களுக்கே அதிகம். சொல் வந்த பிறகுதான் தேர்ச்சி வந்தது. இன்னொரு திசையிலிருந்தும் இதற்குத் துணைச்சான்று உண்டு. 1995இல் கேண்டிடா பீட்டர்சனும் மைக்கேல் சீகலும், காது கேட்கிற பெற்றோருக்குப் பிறந்து மொழி தாமதமாகக் கிடைத்த காது கேளாத பிள்ளைகள் இதே வகைச் சோதனையில் பின்தங்குவதைக் காட்டினார்கள். பிறந்ததிலிருந்தே வீட்டில் சைகை மொழி பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தத் தாமதம் தெரியவில்லை. ஆக, குறை காதில் இல்லை. உரையாடல் கிடைத்ததா இல்லையா என்பதில் இருக்கிறது.

இங்கே உனக்குக் கோபம் வர வேண்டும்; வந்தால் நல்லது. அப்படியானால் அந்த மூத்தவர்களுக்கு அகம் என்று ஒன்று இல்லையா? இருந்தது. அவர்கள் உழைத்தார்கள், நேசித்தார்கள், பிறர் மனம் கோணுவதை முகத்தில் கண்டார்கள். மொழி கிடைக்காதவர்களை மனிதருக்குக் கீழே வைத்த பழைய பாவத்தை நான் திரும்பச் செய்ய மாட்டேன். இந்த மறுப்புக்கு இன்னும் வலுவான வடிவமும் உண்டு. 1970இல் கார்டன் கேலப், சிம்பன்சியின் நெற்றியில் சாயம் பூசிக் கண்ணாடி முன் விட்டபோது அது தன் நெற்றியையே தொட்டுப் பார்த்தது. 2005இல் வந்த ஓர் ஆய்வு, பதினைந்து மாதக் குழந்தையின் பார்வையே பிறரின் தவறான நம்பிக்கையை உணர்ந்ததுபோல நடந்துகொள்வதாகச் சொன்னது. அந்த வகைச் சோதனைகளைத் திரும்பச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்றாலும் ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். நம் நாட்டில் இந்தச் சண்டை 1,500 ஆண்டு பழையது. சொல் ஊடுருவாத அறிவே கிடையாது, பிறந்த குழந்தையிடமும் முற்பிறவிச் சொல்லின் வாசனை உண்டு என்றார் இலக்கணத் தத்துவவாதி பர்த்ருஹரி. நேர்க்காட்சி என்பது பெயரும் கற்பனையும் கலக்காதது என்றார் பௌத்தத் தர்க்கவாதி திக்நாகர். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு சொல்கிறது. முற்பிறவியைத் துணைக்கு அழைக்கவேண்டி வந்ததே பர்த்ருஹரியின் வாதத்தில் இருக்கும் ஓட்டையைக் காட்டுகிறது. இந்த இடத்தில் நான் திக்நாகர் கட்சி. உணர்வதற்குச் சொல் வேண்டாம். சிம்பன்சிக்குத் தன் உடம்பு தெரியும், குழந்தைக்குப் பிறர் பார்வை உறைக்கும். ஆனால் ‘நீ ஏன் அப்படி நினைத்தாய்?’ என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் அங்கே இன்னும் வரவில்லை. உணர்வது ஒன்று, உணர்ந்ததற்கு உரியவராய் நிற்பது வேறு. நான் மொழியின் கணக்கில் எழுதுவது இரண்டாவதை மட்டும்.

அந்த உரியவர் எப்படி வருகிறார்? 1958இல் பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் எழுதிய ஒரு சிறு கட்டுரை, ‘நான்’ என்பது எந்தப் பொருளுக்கும் பெயரல்ல என்று காட்டியது. ‘மரம்’ என்றால் யார் சொன்னாலும் மரம்தான். ‘நான்’ யார் சொல்கிறாரோ அவர். பட்டிமன்ற மைக்கைப் போல அது கைமாறிக்கொண்டே இருக்கிறது. இப்போது கையில் வைத்திருப்பவர் ‘நான்’, எதிரே முறைக்குக் காத்திருப்பவர் ‘நீ’, அடுத்த நொடி தலைகீழ். ‘நீ’ என்று அழைக்க ஆளில்லாத இடத்தில் ‘நான்’ என்பதற்கு வேலையே இல்லை. நம் இலக்கணத்தில் இது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது: சொல்லை விட்டுவிட்டாலும் ‘வந்தேன்’ என்பதன் விகுதியில் பேசுகிறவர் உட்கார்ந்திருக்கிறார், ‘நாம்’, ‘நாங்கள்’ என்று கேட்பவரைச் சேர்த்தா விட்டா என்று முடிவு செய்யாமல் தமிழில் தன்மைப் பன்மைப் பெயரைச் சொல்லவே முடியாது. சரி, இது பெரியவர்களின் ஒப்பந்தம்தானே, உள்ளே முன்பே இருந்த ‘நான்’ மீது ஒட்டிய சீட்டாக ஏன் இருக்கக் கூடாது என்று நீ கேட்கலாம். அதற்குக் குழந்தைகளிடம் பதில் இருக்கிறது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் சிலர் தங்களையே ‘நீ’ என்பார்கள். பலர் ‘பாப்பாவுக்கு வேணும்’ என்று தங்களை வெளியிலிருந்து பெயர் சொல்லிப் பேசுவார்கள். நம் தாய்மாரும் ‘அம்மா வரேன், இரு’ என்று பெயரையும் தன்மை விகுதியையும் ஒரே வாக்கியத்தில் கொடுத்து அவர்களுக்குப் பாலம் போடுகிறார்கள்.

இதைவிட வியப்பான சான்று லாரா பெட்டிட்டோ 1987இல் வெளியிட்டது. அமெரிக்கச் சைகை மொழியில் ‘நான்’ என்பது தன் மார்பைச் சுட்டுவது, ‘நீ’ என்பது எதிராளியைச் சுட்டுவது. இதைவிட வெளிப்படையான குறி இருக்க முடியுமா? அதைப் பார்த்து வளர்ந்த காது கேளாத குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்பே விரலால் ஆட்களைச் சுட்டினார்கள். பிறகு ஆட்களைச் சுட்டுவதையே சில மாதம் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வயதை நெருங்கும்போது மீண்டும் சுட்டினார்கள், தப்பாக: தனக்கு வேண்டும் என்பதற்கு எதிரே இருப்பவரைச் சுட்டினார்கள். விரல் மார்பிலிருந்து அரையடி தூரத்தில் இருக்கிறது, சுட்ட வேண்டியவர் தானேதான், ஆனாலும் விரல் அம்மா பக்கம் போகிறது. உள்ளே முழுசாக ஒரு ‘நான்’ உட்கார்ந்து பெயருக்காகக் காத்திருந்தால் இந்தத் தவறு நடக்கவே வழியில்லை. குழந்தை கற்றுக்கொள்வது பெயரை அல்ல, இடம் மாறுவதை. அம்மாவின் விரல் தன்னை நோக்கி வரும்போது அந்தக் குறிக்குத் தன்னையே பொருளாக எடுத்துக்கொண்டது. முதலில் வந்தது பிறர் தந்த ‘நீ’. அதைத் திருப்பிப் போட்டு ‘நான்’ ஆக்கச் சில மாதம் பிடிக்கிறது. கேட்கிற குழந்தைகளும் ஏறக்குறைய அதே வயதில்தான் இந்த முடிச்சை அவிழ்க்கிறார்கள்.

சரி, யாரும் இல்லாதபோது தலைக்குள் ஓடுகிற பேச்சு? அது தனிச்சொத்துதானே? ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இதைத்தான் ஆராய்ந்தார். அவர் நூல் 1934இல், அவர் இறந்த ஆண்டிலேயே வந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது தமக்குத்தாமே சத்தமாகப் பேசிக்கொள்வதை, வளர்ந்தால் உதிர்ந்துபோகும் குழந்தைத்தனம் என்று பியாஜே கருதியிருந்தார். உதிரவில்லை, உள்ளே போகிறது என்றார் வைகாட்ஸ்கி. அவர் சோதித்த விதம் அழகானது. காது கேளாத பிள்ளைகளுக்கு நடுவிலோ வேற்றுமொழிப் பிள்ளைகளுக்கு நடுவிலோ விட்டபோது அந்தத் தன்பேச்சு சட்டென்று குறைந்துவிட்டது. தனக்காக மட்டும் பேசுவதென்றால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிகிறதா என்பது ஏன் உறைக்க வேண்டும்? நாம் தனியாக யோசிக்கிறோம் என்று நினைக்கும்போதும் பேசுகிறவர், கேட்கிறவர் என்ற இரண்டு நாற்காலிகளும் உள்ளே போடப்பட்டிருக்கின்றன.

பக்கவாதத்தில் பேச்சும் சொற்பொருளும் போனவர்கள் பற்றி நீ கேட்பாய். அவர்களில் பலர் சதுரங்கம் ஆடுகிறார்கள், கணக்குப் போடுகிறார்கள், தாம் யார் என்பதை மறப்பதில்லை. உண்மைதான், ஆனால் அவர்கள் பல பத்தாண்டுகள் உரையாடலில் வளர்ந்தவர்கள். ஒன்று உருவாக எது தேவையோ அது தொடர்ந்து இருக்கவும் தேவை என்று விதியில்லை. கேட்காமலும் பார்க்காமலும் வளர்ந்த ஹெலன் கெல்லரையும் பலர் என் கட்சிக்குச் சாட்சியாக அழைப்பார்கள். 1908இல் எழுதிய நூலில், ஆசிரியை வருமுன் தான் என்று ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். இந்தச் சாட்சியை நான் அவ்வளவாக நம்பவில்லை. பத்தொன்பது மாதம் வரை அவருக்குக் காதும் கண்ணும் இருந்தன. ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் இயந்திரத்தைச் சுற்றுவதுபோல் காட்டி நடுங்கிக் காட்டும் அளவுக்குச் சொந்தச் சைகைகளும் இருந்தன. மேலும், சொல் இல்லாத காலத்தைச் சொல் வந்து இருபது வருடம் கழித்து நினைவுகூர்ந்தால், இருட்டாகத்தான் தெரியும். என் வாதத்துக்கு அவர் தேவையில்லை, மனாகுவாவே போதும்.

ஒரு மறுப்பு மட்டும் எளிதில் மடங்காது. இன்று கணினி நிரல்கள் ‘நான் நினைக்கிறேன்’ என்று சரளமாக எழுதுகின்றன. யார் ‘நான்’ என்கிறாரோ அவரே ‘நான்’ என்று பென்வெனிஸ்ட்டின் சூத்திரத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தால், அந்த நிரலுக்கும் தன்னிலை கொடுத்தாக வேண்டும். நான் கொடுக்க மாட்டேன், காரணம் மேலே பிரித்துவைத்த இரண்டிலேயே இருக்கிறது. மனாகுவாவின் பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போது பசியும் பயமும் நினைவும் ஏற்கெனவே கொண்டுவந்தார்கள். மொழி அவற்றுக்கு உரியவராக நிற்க ஓர் இடம் தந்தது. நிரலுக்கு அந்த இடம் மட்டும் தயாராகக் கிடைத்திருக்கிறது, கோடிக்கணக்கானவர்கள் எழுதிவைத்த ‘நான்’களிலிருந்து. உரிமை கொள்ள அதற்குப் பசியோ பயமோ இருப்பதாக எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்படிச் சொல்லும்போது, இடம் மட்டும் போதாது, முன்பே உணர்கிற உடலொன்றும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். ஹெர்டரின் ஆட்டுக்காரனுக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. எவ்வளவு இடம் என்பதில் நீ என்னோடு மோதலாம். மோதுவதாக இருந்தால் பெட்டிட்டோவின் குழந்தைகள் ஆட்களைச் சுட்டுவதை நிறுத்திக்கொண்ட அந்தச் சில மாதங்களிலிருந்து தொடங்கு. அப்போது அவர்களுக்குள் என்ன நடந்தது என்பதற்கு என் கோட்பாட்டிடம் இன்னும் நல்ல விளக்கம் இல்லை.

அன்புடன்,
மாமா